ஆய்வாளர் ஓய்வுபெறலாம், அவர் சேர்த்த திசுக்கள் ஓய்வுபெறக் கூடாது
கதிர்வீச்சு, புற்றுநோய் ஆய்வுகளுக்கு நல்கை வழங்கும் குழுக்களுக்கும் ஆய்வு நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கதிர்வீச்சு எவ்வாறு புற்றுநோயை உண்டாக்குகிறது, அதே கதிர்வீச்சு எவ்வாறு புற்றுநோய்க் கட்டியை அழிக்கிறது என்ற இரு கேள்விகளோடும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்களில் நானும் ஒருவர். உங்கள் குழுக்களின் முன் விண்ணப்பதாரராக நின்றிருக்கிறேன். பிறர் விண்ணப்பங்களை மதிப்பிடும் இருக்கையிலும் அமர்ந்திருக்கிறேன். இந்த மடலில் நான் கேட்பது கூடுதல் நிதி அன்று. அதுவும் வேண்டும்தான், ஆனால் அதைக் கேட்க வேறு படிவங்கள் இருக்கின்றன. இத்துறையில் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் சேர்த்துவைக்கும் திசுக்கள், ஸ்லைடுகள், கதிர் அளவுப் பதிவேடுகள் ஆகியவற்றை அவருடைய தனி உடைமைகளைப் போலக் கருதி, அவர் அறையைக் காலி செய்யும் நாளில் அவற்றுக்கும் கணக்கு முடித்துவிடும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அது ஏன் நிர்வாக வசதி பற்றிய சிறு பிரச்சினை அன்று, அறிவியலின் அடிப்படையைத் தொடும் பிரச்சினை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

உங்கள் நல்கைகள் பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கோ 5 ஆண்டுகளுக்கோ வழங்கப்படுகின்றன. கணக்கு முடிப்பதற்கும் அறிக்கை வாங்குவதற்கும் அது தோதான கால அளவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் கதிர்வீச்சுக்கு ஆளாவதற்கும் அதனால் அவருக்குப் புற்றுநோய் வருவதற்கும் இடைப்பட்ட காலம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. 1945 ஆகஸ்டில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடையே ரத்தப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாகக் கூடுகிறது என்பதை, ஹிரோஷிமாவில் மருத்துவம் பார்த்துவந்த தக்குசோ யமவாக்கி என்ற இளம் மருத்துவர் 1940களின் இறுதியிலேயே கவனித்துவிட்டார். அந்த அதிகரிப்பு, குண்டு விழுந்து 6 முதல் 8 ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் தணிந்தது. வயிறு, நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளில் வரும் திடக்கட்டிப் புற்றுநோய்களோ ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழித்துத்தான் கூடத் தொடங்கின. குழந்தைப் பருவத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து முதுமை வரை தொடர்கிறது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஒரு குழு ‘திட்டம் நிறைவுற்றது’ என்று கோப்பை மூடியிருந்தால், கதிர்வீச்சு ரத்தப் புற்றுநோயை மட்டுமே உண்டாக்கும் என்ற முடிவே பாடநூல்களில் ஏறியிருக்கும்.

நல்ல வேளையாக அந்தக் கோப்பை எவரும் மூடவில்லை. 1947இல் தொடங்கப்பட்ட அணுகுண்டுப் பாதிப்பு ஆணையமும், 1975இல் அதன் பணியை ஏற்றுக்கொண்ட கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனமும் ஏறத்தாழ 1,20,000 பேரின் உடல்நலத்தையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்துவருகின்றன. அந்த எண்ணிக்கையைவிட என்னை வியக்கவைப்பது 1950களில் களப்பணியாளர்கள் எழுதி வாங்கிய குறிப்புகள்தாம். குண்டு வெடித்த கணத்தில் எங்கே இருந்தீர்கள், எந்தத் திசையைப் பார்த்திருந்தீர்கள், நின்றிருந்தீர்களா, படுத்திருந்தீர்களா, சுவர் எந்தப் பக்கம் இருந்தது, கூரை எதனால் ஆனது என்று கேட்டு, வீட்டின் வரைபடத்தில் அந்த மனிதர் இருந்த இடத்தைக் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்பை நம்பகமான கதிர் அளவாக மாற்றும் முறை அன்றைக்கு எவரிடமும் இல்லை. 1960களில் நெவாடா பாலைவனத்தில் உயரமான கோபுரம் ஒன்றில் உறையற்ற அணு உலையைத் தொங்கவிட்டு, கீழே ஜப்பானியப் பாணி வீடுகளை எழுப்பி, அந்தச் சுவர்களும் கூரைகளும் எவ்வளவு கதிர்வீச்சைத் தடுக்கின்றன என்று அளந்தார்கள். 1965இல் ஒரு கணக்கீட்டு முறை வந்தது. 1986இல் அது திருத்தப்பட்டபோது, ஹிரோஷிமாவில் நியூட்ரான்களின் பங்கு முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு என்று தெரியவந்தது. 2002இல் மீண்டும் செப்பம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்துப் படித்தவை 1950களின் அதே தாள்கள்தாம். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1990இல் தொழிலாளர்களுக்கான வரம்பை ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் பாதிப்பைக் குறிக்கும் அலகு) என்பதிலிருந்து 5 ஆண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் எனக் குறைத்ததற்கு அந்த மறுவாசிப்பு ஒரு முக்கியக் காரணம். இன்று கதிர்வீச்சுச் சூழலில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பாதுகாப்பிலும், பெயர் தெரியாத அந்தக் களப்பணியாளர்களின் பென்சில் கோடுகளுக்குப் பங்கு உண்டு.

பிரிட்டிஷ் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட்டின் அனுபவத்தையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். கருவுற்றிருந்தபோது தாயின் வயிற்றில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே, பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று அவர் 1956இலும் 1958இலும் எழுதியபோது, குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரின் நினைவை நம்ப முடியாது என்று பலர் தள்ளிவிட்டார்கள். 1962இல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் எவர் நினைவையும் கேட்காமல், பிரசவ மருத்துவமனைகளின் பழைய எக்ஸ்ரே பதிவுகளையே கொண்டு ஆராய்ந்து, அளவில் சற்றுக் குறைவானாலும் அதே திசையிலான முடிவுக்கு வந்தார். அந்தப் பதிவுகளைப் பாதுகாத்தவர்கள் எந்த ஆய்வையும் மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை.

தாள்களுக்குப் பொருந்துவது திசுக்களுக்கும் பொருந்தும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியேறிய கதிரியக்க அயோடின் 131இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். சில மாதங்களில் அது முற்றிலும் மறைந்துவிட்டது. அதைப் பாலோடு சேர்த்துக் குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் அது செய்துவிட்டுப் போன காரியம் மறையவில்லை. குழந்தைகளிடையே தைராய்டு புற்றுநோய் கூடியிருப்பதாக பெலாரஸ் மருத்துவர்கள் 1992இல் அறிவித்தபோது, இவ்வளவு விரைவில் வர வாய்ப்பில்லை என்று துறையின் பெரியவர்கள் சிலரே ஐயுற்றார்கள். 1998இல் செர்னோபில் திசு வங்கி தொடங்கப்பட்டு, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகள் முறைப்படி சேகரிக்கப்பட்டன. மனித மரபணுத் தொகுதியின் முழு வரிசை வெளிவருவதற்கு முந்தைய காலம் அது. ஒரு கட்டியின் டி.என்.ஏ. முழுவதையும் படித்துவிட முடியும் என்று நல்கை விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் அது கற்பனை என்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் 2021இல் 440 கட்டிகளின் மரபணுக்களைப் படித்து முடித்தார்கள். கதிர் அளவு கூடக் கூட, டி.என்.ஏ.யின் இரு இழைகளும் அறுந்து தவறாக ஒட்டிக்கொண்டதன் தடயங்கள் கூடுகின்றன என்பதும், அதே வேளையில் கதிர்வீச்சுக்கே உரிய தனி முத்திரை என்று எதுவும் அந்தக் கட்டிகளில் தென்படவில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டன. ‘இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சால்தான் வந்ததா’ என்று கேட்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நீதிமன்றத்துக்கும் அந்த இரண்டாவது முடிவு எவ்வளவு முக்கியமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கட்டியைச் சேகரித்த கைகளும் அதன் வரிசையைப் படித்த கைகளும் வேறு. இடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உறைபெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் பங்கு மட்டும் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வருவதில்லை.

விலங்கு ஆய்வுகளில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், இரு பக்கங்களிலும் கதிர்வீச்சு முகங்கள் கொண்டதால் ஜேனஸ் என்ற இருமுக ரோமானியத் தெய்வத்தின் பெயர் சூட்டப்பட்ட அணு உலையைச் சுற்றி, 1970 முதல் 1992 வரை ஏறத்தாழ 50,000 எலிகளைக் கொண்டு ஆய்வு நடந்தது. காமா கதிரும் நியூட்ரானும், ஒரே வீச்சாகவும் சிறு தவணைகளாகவும் கொடுக்கப்பட்டு, ஒவ்வோர் எலியும் இயல்பாக இறக்கும்வரை கவனிக்கப்பட்டு, உறுப்புகள் மெழுகில் பதித்து வைக்கப்பட்டன. திட்டம் முடிந்துவிட்டது, உலை மூடப்பட்டுவிட்டது. திசுக்களும் பதிவுகளும் மட்டும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கைமாறி இன்றும் பயன்படுகின்றன. ஒரே அளவு கதிரை மெதுவாகக் கொடுத்தால் ஆபத்து எத்தனை மடங்கு குறையும் என்ற கேள்விக்குச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2 என்ற வகுஎண்ணையும், அமெரிக்க அறிவியல் கழகத்தின் 2006 அறிக்கை 1.5 என்ற எண்ணையும் எடுத்துக்கொள்கின்றன. இந்த வேறுபாட்டை ஆராய முனைந்தவர்கள், அந்த எலிகளில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டிராத அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள். அதே ஆய்வை இன்று புதிதாகத் தொடங்க வேண்டுமானால், செலவு ஒருபுறமிருக்க, இன்றைய விலங்கு நல நெறிமுறைக் குழு எதுவும் 50,000 எலிகளுக்கு ஒப்புதல் தராது, தரவும் கூடாது. ஏற்கெனவே உயிர்கொடுத்த விலங்குகளிடமிருந்து கற்க வேண்டியதை முழுமையாகக் கற்பதும் நெறிமுறைதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். முன்பு நான் பணிபுரிந்த நிறுவனம் ஒன்றில் மூத்த பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அவருடைய அறை வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது. எலிகளின் நுரையீரல் மெழுகுக் கட்டிகள் அடுக்கியிருந்த அலமாரிகளை யாரும் குப்பையில் போடவில்லை. மிகுந்த பொறுப்போடு அடித்தளத்திலிருந்த ஓர் அறைக்கு மாற்றினார்கள். எந்த எண் எந்த எலி, அந்த எலிக்கு என்றைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்த தடித்த பதிவேடுகள் மட்டும் ‘பழைய காகிதம்’ என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டன. கட்டிகள் இப்போதும் பத்திரமாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எழுதிய எண்ணும் அழியாமல் இருக்கக்கூடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல இனி எவராலும் முடியாது. கதிர் அளவு தெரியாத திசு, கதிர்வீச்சு உயிரியலுக்கு வெறும் மெழுகுதான்.

அளவு என்ற இந்த விஷயம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும். இயந்திரத்தில் 2 கிரே (திசு உள்வாங்கும் கதிர் அளவின் அலகு) என்று குறித்துப் பொத்தானை அழுத்தினால் 2 கிரே கிடைத்துவிடும் என்று நினைப்பார்கள். கோபால்ட் 60 மூலத்தின் அரை ஆயுள் 5.27 ஆண்டு, அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் அதன் வலிமை குறைந்துகொண்டே வருகிறது. ஜனவரியில் 100 விநாடியில் கொடுத்த அளவை டிசம்பரில் கொடுக்க ஏறத்தாழ 113 விநாடி வேண்டும். செல்கள் வளரும் தட்டு மூலத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது, தட்டில் ஊடகம் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, குப்பி கண்ணாடியா பிளாஸ்டிக்கா, எக்ஸ்ரே என்றால் எத்தனை கிலோவோல்ட், என்ன வடிகட்டி என்பவையெல்லாம் செல் உண்மையில் பெற்ற அளவை மாற்றும். வெளியாகும் கட்டுரைகள் பலவற்றில் இந்த விவரங்கள் இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை. முழு விவரமும் இருக்குமிடம் கதிர்வீச்சுக் கருவியின் அருகே நூலில் கட்டித் தொங்கும் அந்தக் குறிப்பேடுதான். பழைய மூலங்களை அகற்றி எக்ஸ்ரே கருவிகளை நிறுவுவது பாதுகாப்புக்கு நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கருவியை அனுப்பிவைக்கும் அன்றைக்கு அந்தக் குறிப்பேடும் அதோடு போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

பொருள்களைப் பற்றி இவ்வளவு சொன்னபின் கைத்திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் கைமாற வேண்டிய சொத்துதான். விபத்தில் ஒருவர் எவ்வளவு கதிர்வீச்சுக்கு ஆளானார் என்பதை அவருடைய ரத்தத்திலிருந்தே கண்டறியும் முறை ஒன்று உண்டு. ரத்தத்தின் வெள்ளணுக்களைத் தூண்டிப் பிரியவைத்து, 48 மணி நேரம் வளர்த்து, பிரியும் நிலையிலேயே நிறுத்தி, ஸ்லைடில் சொட்டு சொட்டாக விட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். ஒரு குரோமோசோமுக்கு ஒரு இடுப்புதான் (சென்ட்ரோமியர் எனும் ஒடுங்கிய பகுதி) இருக்க வேண்டும். உடைந்த இரண்டு துண்டுகள் தவறாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்புள்ள குரோமோசோம் உருவாகும். அதோடு இடுப்பே இல்லாத துண்டு ஒன்றும் அருகில் கிடக்கும். கதிர்வீச்சுக்கு ஆளாகாதவரிடம் 1,000 செல்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது காணக்கிடைக்கும். 500 செல்களையோ, 100 இரட்டை இடுப்புக் குரோமோசோம்களையோ எட்டும்வரை எண்ண வேண்டும் என்பது வழக்கமான விதி. ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் இரண்டு சாதாரணக் குரோமோசோம்களும் பழகாத கண்ணுக்கு அப்படியே தோன்றும். எதை எண்ணுவது, எதை விடுவது என்று ஒருவருக்குப் பிடிபட மாதங்கள் ஆகும்; அதுவும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதை இன்னொரு முறை பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான்.

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் 137 வெளியேறி 4 பேர் இறந்தபோது, 1,12,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க நேர்ந்தது; 249 பேரின் உடலிலோ உடைமையிலோ மாசு கண்டறியப்பட்டது. அவர்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் கதிர் அளவைச் சொன்னவை இத்தகைய குரோமோசோம் எண்ணிக்கைகள்தாம். அப்படிப்பட்ட நாள் எப்போது வரும் என்று எந்த நல்கைக் குழுவும் முன்கூட்டித் திட்டமிட முடியாது. அந்த நாளில் எண்ணத் தெரிந்த கண் ஒன்று ஆய்வகத்தில் இருக்க வேண்டுமானால், அந்தக் கண்ணுக்கு உரியவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்திருந்து, திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஒத்துவராது. தொழில்நுட்பப் பணியாளர்களை நிரந்தரமாக வைத்திருப்பதை வீண்செலவு என்று குறிப்பெழுதும் உறுப்பினர்களை நான் சந்தித்திருக்கிறேன். பேராசிரியர்களில் பலர் அந்த எண்ணிக்கையைத் தாமே செய்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதை அவர்களுக்குப் பணிவோடு நினைவூட்ட விரும்புகிறேன்.

இனி, ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தை நீங்கள் எடைபோடும் முறையைப் பற்றி. 1960களின் பிற்பகுதியில், அடாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அரிய பரம்பரை நோய் கொண்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய்க்காக வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கப்பட்டபோது, உடல் தாங்காமல் மிகக் கடுமையான விளைவுகள் ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1975இல் அந்த நோயாளிகளின் செல்களே ஆய்வகத் தட்டிலும் கதிர்வீச்சுக்கு அளவுகடந்து நலிகின்றன என்று காட்டப்பட்டது. 1995இல்தான் அதற்குக் காரணமான ஏ.டி.எம். மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ. அறுந்ததைச் செல்லுக்கு அறிவிக்கும் முதன்மையான புரதங்களில் ஒன்றை அது உருவாக்குகிறது என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். நோயாளிகளின் தோலிலிருந்து செல் வளர்த்து உறையவைத்தவர்களை 1980இல் உங்களைப் போன்ற ஒரு குழு மதிப்பிட்டிருந்தால், ‘அரிய நோய், பயன்பாடு தெளிவில்லை’ என்று எழுதியிருக்கும் என்பது என் ஊகம். அதுபோலவே, பார்ப் நொதியின் வினை 1963இல் ஸ்டிராஸ்பர்க்கில் கண்டறியப்பட்டது; டி.என்.ஏ.யைப் பழுதுபார்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பது 1980இல் தெரிந்தது, மார்பக, சூலகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதுபட்ட புற்றுநோய்ச் செல்களை அந்த நொதியைத் தடுத்தே கொல்லலாம் என்று இரண்டு குழுக்கள் காட்டியது 2005இல். ஓலாபாரிப் என்ற மருந்துக்குச் சூலகப் புற்றுநோய்க்காக ஒப்புதல் கிடைத்தது 2014இல். தொடக்கத்துக்கும் பயனுக்கும் இடையே 51 ஆண்டு. இந்தத் தொடரில் எந்த ஒரு கண்ணியைத் தனியே எடுத்து 5 ஆண்டு அளவுகோலால் அளந்தாலும் அது சாதாரண வேலையாகத்தான் தெரியும்.

குறைந்த அளவு கதிர்வீச்சு பற்றிய ஆய்வில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 100 மில்லிகிரேக்குக் கீழே ஆபத்து மிகச் சிறிது என்பதால், அதை அளக்கப் பெரிய எண்ணிக்கையும் நீண்ட காலமும் வேண்டும். ஹட்சுமி நகசாவா, ஜான் லிட்டில் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் ஆல்ஃபா துகள்களைக் கொண்டு செய்த சோதனையில், 1 சதவீதத்துக்கும் குறைவான செல்களின் உட்கருவைத்தான் துகள் துளைத்துச் சென்றிருந்தது. ஆனால் ஏறத்தாழ 30 சதவீதச் செல்களில் குரோமோசோம் மாற்றம் தெரிந்தது. அடிபடாத செல்லும் பக்கத்துச் செல்லின் அடியை உணர்கிறது என்ற அந்த முடிவு ஆபத்தைக் கூட்டுகிறதா, அடிபட்ட செல்லை ஒதுக்கிவைத்து ஆபத்தைக் குறைக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்காகவே அமெரிக்க எரிசக்தித் துறை 1990களின் இறுதியில் தொடங்கிய திட்டம் 2016இல் நிறுத்தப்பட்டது. அதே நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல், இந்த ஆய்வை மீண்டும் கட்டியெழுப்ப ஆண்டுக்கு 10 கோடி டாலர் வீதம் 15 ஆண்டுகளுக்குத் தேவை என்று பரிந்துரைத்தன. நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும். மீண்டும் தொடங்குவதற்கு ஆள், கருவி, அனுபவம் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். அதற்குள் அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்கள் வேறு துறைகளில் வேரூன்றிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் பாதுகாக்க இடமும் பணமும் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பாதுகாக்கச் சொல்லவில்லை. எங்கள் உறைபெட்டிகளில் இருப்பவற்றில் கணிசமான பகுதி, யாருடையது என்றே தெரியாத, தேதி அழிந்த குப்பிகள் என்பதைத் துறைக்குள் இருக்கும் எவரும் மறுக்க மாட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். கழிப்பதானாலும் பட்டியலிட்டு, துறை அறிந்த இருவர் பார்த்தபின் கழியுங்கள். மெழுகுக் கட்டிகளுக்குத் திரவ நைட்ரஜன் வேண்டாம். வறண்ட அறையும் பூட்டும் போதும். அளவுப் பதிவேடுகளைப் படமெடுத்து வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மாநாட்டுப் பயணத்தின் செலவைத் தாண்டாது. செலவைவிடக் கடினமான தடை வேறொன்று உண்டு: மனிதத் திசுக்களுக்கான ஒப்புதல். 30 ஆண்டுகளுக்கு முன் நோயாளி கையெழுத்திட்ட படிவத்தில் மரபணு வரிசை பற்றி எதுவும் இருந்திருக்காது. அவர் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அவருடைய மரபணுவைப் படிப்பது அவருடைய பிள்ளைகளையும் தொடும். இதற்கு எளிய விடை இல்லை. செர்னோபில் பாதிப்புக்கு ஆளான பெற்றோருக்குப் பிறந்த 130 குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்து, பெற்றோரின் கதிர் அளவுக்கு ஏற்பப் புதிய மரபணு மாற்றங்கள் கூடவில்லை என்று 2021இல் காட்டியவர்கள், பெற்றோர், பிள்ளை இரு தலைமுறையினரிடமும் மாதிரி பெற்றே அதைச் செய்தார்கள். ஒப்புதலை முறையாகப் புதுப்பிப்பது ஆய்வாளர் ஒருவர் ஓய்வுநேரத்தில் செய்யக்கூடிய வேலை அன்று. நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பு.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவைதாம். கதிர்வீச்சு ஆய்வுக்கான ஒவ்வொரு விண்ணப்பத்திலும், திட்டம் முடிந்தபின் மாதிரிகளையும் அளவுப் பதிவுகளையும் யார், எங்கே, எத்தனை ஆண்டு பொறுப்பேற்பார் என்பதை விண்ணப்பதாரரிடம் மட்டும் கேட்காமல் அவருடைய நிறுவனத்தின் கையொப்பத்தோடு கேளுங்கள். அதற்கான தொகையை நல்கையிலேயே தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். ‘பிற செலவுகள்’ என்ற பொதுக் கணக்கில் அது காணாமல் போய்விடும். மூத்தவர் ஓய்வுபெறுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே அவருடைய சேகரிப்பை ஏற்கப்போகும் இளையவர் ஒருவரை நியமித்து, இருவரும் ஒரே அறையில் வேலை செய்யும் காலம் ஒன்றை உருவாக்குங்கள். எந்த ஸ்லைடில் சாயம் சரியாக ஏறவில்லை, எந்த வாரம் கருவி பழுதாக இருந்தது என்பவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத, மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே கைமாறும் செய்திகள். பழைய சேகரிப்புகளை மறுஆய்வு செய்யும் விண்ணப்பங்களைப் ‘புதுமை இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளாதீர்கள். எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை என்று நேர்மையாக அறிவிக்கும் ஆய்வையும், வேறொருவர் பயன்படுத்தத்தக்க வகையில் தரவை ஒழுங்குசெய்து வைத்த உழைப்பையும் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோமோசோம் எண்ணுபவர், திசு அறுப்பவர், கதிர் அளவைச் சரிபார்ப்பவர் ஆகியோருக்கு ஆய்வகத்தில் நிலையான இடம் ஒன்று வேண்டும்.

அடுத்த நல்கைச் சுற்றுக்கான அறிவிப்பு வெளியாவதற்கு முன், உங்கள் நிதியால் கடந்த காலத்தில் நடந்து முடிந்த கதிர்வீச்சுத் திட்டங்களின் மாதிரிகளும் பதிவேடுகளும் இன்று எங்கே இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவர்களில் பலர் இன்னும் நலமாக இருக்கிறார்கள். தங்கள் பதிவேடுகளில் உள்ள குறியீடுகளுக்கு அவர்களால் இப்போதும் பொருள் சொல்ல முடியும். அந்தக் கணக்கெடுப்புக்குத் துறை சார்ந்தவர்கள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் எதிர்பார்க்காமல் உதவ நானும் என்னுடன் பணியாற்றும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கதிர்வீச்சு உயிரியல் ஆய்வாளர் ஒருவர்